கூட்டாளியும் கோயிலும்

வேலணையில் ஒரு தாய் அண்மையில் கேட்ட கேள்வி இது. மகனுக்குப் பதினேழு வயது. உயர்தர வகுப்புக்காகப் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போய் வருகிறான். சின்னனில் பீடப்பணியாளனாய் நின்ற பெடியன், இப்போது ஞாயிறு பூசைக்கு எழும்புவதே இல்லை. புதிய கூட்டாளிமாரில் ஒருவன் கடவுள் இல்லை என்கிறானாம். இன்னொருவன் சைவப் பெடியன். மூன்றாமவன் பட்டினத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு செபக்கூட்டத்துக்குப் போகிறவன். "உந்தக் கூட்டாளிமாரை வெட்டிவிட்டால் பிள்ளை பழையபடி கோயிலுக்கு வருவான்தானே?" என்று கேட்டார்.

ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்லி அவரை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாகக் கதைக்க வேண்டிய விடயம் இது. அன்றைக்கு அவரிடம் சொன்னதையும் பிறகு யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை நெஞ்சில் வைத்திருக்கிற பெற்றோர் தீவகத்தில் இன்னும் பலர் உண்டு.

தாயின் பயத்தில் நியாயம் இருக்கிறது. வள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் எழுதியதோடு நின்றுவிடவில்லை. நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று அடுத்தடுத்து அதிகாரம் அதிகாரமாய் எழுதிக்கொண்டே போகிறார். கூடப் பழகுகிறவர்கள் மனிதனை மாற்றுகிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அகுஸ்தீனார் தன் சரிதையில் அலிப்பியுஸ் என்ற நண்பனைப் பற்றி ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். உரோமாபுரியில் மனிதரை மனிதர் வெட்டிச் சாய்க்கிற களரிக்கு அலிப்பியுஸை அவனுடைய சிநேகிதர்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவனுக்கு அந்த விளையாட்டில் அருவருப்பு. போய் இருந்தாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டே இருக்கிறான். கூட்டம் ஒரு கணம் ஆர்ப்பரித்ததும் கண்ணைத் திறந்துவிடுகிறான். அன்றிலிருந்து அவனே மற்றவர்களை அங்கே இழுத்துப் போகிறவனாகிவிட்டான்.

ஆனால் அதே அலிப்பியுஸ்தான், 386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டமொன்றில் அகுஸ்தீனார் தன்னோடு தானே போராடி அழுத நாளில் பக்கத்தில் இருந்தவன். அடுத்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் ஆயர் அம்புரோசியாரிடம் இருவரும் சேர்ந்தே திருமுழுக்குப் பெற்றார்கள். இந்த இரண்டு கதைகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஒருவனைக் கெடுத்த அதே வழியால்தான் அவனுக்கு அருளும் வந்தது. அந்த வழியை அடைத்துவிட்டால் கெட்டது வராமல் போகலாம். நல்லது வருவதற்கும் வழி இராது.

தாய் பவுலடியாரையும் துணைக்குக் கூப்பிட்டார். கெட்ட சகவாசம் நல்ல ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்ற கருத்து கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், பதினைந்தாம் அதிகாரத்தில் வருகிறது. அது மெனாந்தர் என்ற கிரேக்க நாடகாசிரியரின் வரி என்று அறிஞர்கள் சொல்வார்கள். அது இருக்கட்டும். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். பவுலடியார் அங்கே பேசுவது உயிர்த்தெழுதலைப் பற்றி. உங்களுக்குள்ளேயே சிலர் உயிர்த்தெழுதல் இல்லை என்கிறார்களே என்பதுதான் அவருடைய கவலை. அவர் பயந்த சகவாசம் கோயிலுக்கு வெளியே நின்ற புறச்சமயத்தாருடையதல்ல, சபைக்குள்ளே இருந்தவர்களுடையது. பிள்ளையின் கூட்டாளி எந்தச் சமயம் என்று பார்த்து நல்லவன் கெட்டவன் என்று பிரிக்க இந்த வரியை எடுக்க முடியாது.

அப்படியானால் நண்பன் ஒருவனின் விசுவாசத்தை எப்படித்தான் தொடுகிறான்?

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் கப்பர்நாகூமில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். நடக்க முடியாத ஒருவனைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கி வருகிறார்கள். வாசலில் சனக்கூட்டம், உள்ளே போக இடமில்லை. கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இந்தப் பகுதிக்குப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம், மறைக்கல்வி வகுப்பில் படமும் கீறியிருக்கிறோம். ஆனாலும் ஓரிடத்தைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். இயேசு கண்டது தூக்கி வந்தவர்களுடைய நம்பிக்கையை என்று எழுதியிருக்கிறது. கட்டிலில் கிடந்தவன் நம்பினானா, சந்தேகப்பட்டானா, வரமாட்டேன் என்று அடம்பிடித்தானா என்று மாற்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவனால் வர முடியாத நேரத்தில் நாலு பேர் அவனைக் கொண்டுவந்தார்கள். எனக்குத் தெரிந்தமட்டில் நட்புக்கும் விசுவாசத்துக்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாகச் சொன்ன இடம் வேறில்லை.

எங்கள் மண்ணின் சரித்திரம் இதற்கு ஒரு பெரிய சாட்சி. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தவர்கள் அவர்கள். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். கோயில்களைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். பூசை தடை. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை இருபத்தொன்பது ஆண்டுகள் இந்த மக்களுக்கு மேய்ப்பர் இல்லை. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து கலியாணமும் கட்டிவிடுகிற காலம் அது. ஆனாலும் அவர் வந்தபோது விசுவாசிகள் இருந்தார்கள். குருவும் இல்லை, வெளிப்படையாகக் கூடக் கோயிலும் இல்லை. பிறகு எப்படி இருந்தார்கள்? வீட்டுக்குள்ளே, நம்பிக்கையான அயலவரோடும் உறவினரோடும் சேர்ந்து செபித்தார்கள். காட்டிக்கொடுக்க மாட்டான் என்று நம்பக்கூடிய ஒருவன் பக்கத்து வளவில் இருந்ததால்தான் அது நடந்தது.

வாஸ் அடிகளும் தனியே வரவில்லை. யோவான் என்ற இளைஞன் கூட வந்தான். வந்து இறங்கிய புதிதில் அடிகள் கடும் வயிற்றுக்கடுப்பில் விழுந்து சாகக் கிடந்தார். அந்நிய ஊரில், பிச்சைக்கார வேடத்தில் கிடந்த அவருக்கு அந்தப் பிள்ளைதான் துணை. எழும்பியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் பிச்சை கேட்டுப் போனார். யாருடைய கண் அந்தச் செபமாலையில் தங்குகிறது என்று பார்த்தார். பின்னர் சில்லாலையில் மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தார்கள். 1692இல் கண்டிக்குப் போய்ச் சிறைப்பட்டபோதும் யோவான் கூட இருந்தான். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் வாஸ் அடிகளைப் புனிதர் என அறிவித்தார். அந்தப் பட்டத்துக்குப் பின்னால் யோவானின் உழைப்பும் இருக்கிறது. அவனுக்கு யாரும் திருவிழா எடுப்பதில்லை.

இனி, இந்தத் தீவிலேயே பிறந்த ஒருவரிடம் வருகிறேன். தாயின் இரண்டாவது பயம், அந்தச் சைவப் பெடியனைப் பற்றியது. அதற்கு இவரைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

தனிநாயகம் அடிகள் 1913 ஓகஸ்ட் 2ஆம் திகதி கரம்பொன்னில் பிறந்தார். தகப்பன் வழி நெடுந்தீவு. ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, கொழும்பில் குருமடம், அங்கிருந்து உரோமாபுரி. உரோமையில் படித்தபோது தமிழ் மாணவரைச் சேர்த்து வீரமாமுனிவர் பெயரில் ஒரு கழகம் நடத்தினார். அந்தக் காலத்தில் அவருடைய தமிழ் போதாது என்பது அவருக்கே தெரியும். குருவாகித் தூத்துக்குடி மறைமாவட்டத்துக்குப் போய், வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளியில் பணியாற்றியபோது பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் தமிழ் இலக்கியத்தை முறையாகப் படிக்கத் தொடங்கினார். உரோமையில் இறையியல் முடித்த கத்தோலிக்கக் குரு ஒருவர், பிராமணப் பண்டிதர் ஒருவரின் முன்னால் மாணவராய் அமர்ந்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அங்கும் அவரைச் சுற்றி இருந்த ஆசிரியரும் தோழரும் பெரும்பாலும் வேறு சமயத்தவர்.

இந்தச் சகவாசத்தால் அவருடைய விசுவாசம் கரைந்ததா? ஒரு மனிதனின் உள்ளத்தை வெளியிலிருந்து அளக்க எவராலும் முடியாது. வாழ்ந்த வாழ்க்கையைத்தான் பார்க்கலாம். 1980 செப்ரெம்பர் 1ஆம் திகதி கண்மூடும்வரை அவர் குருவாகவே இருந்தார். 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ ஆங்கில இதழைத் தொடங்கினார். 1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. அதில் சைவர், முஸ்லிம், கிறிஸ்தவர், கடவுள் மறுப்பாளர், செக் நாட்டவர், பிரெஞ்சுக்காரர் எல்லாரும் அவரோடு வேலை செய்தார்கள். நூலகங்களில் மறைந்து கிடந்த பழைய கிறிஸ்தவத் தமிழ் நூல்களைத் தேடித் தேடி எடுத்தவரும் அவரே. வத்திக்கானில் அவர் கண்டெடுத்த, 1679இல் அச்சான அந்தோம் தெ புரோவென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டார். மாற்றுச் சமயப் பண்டிதரிடம் கற்ற தமிழ்தான், தன் சொந்தச் சமயத்தின் புதையலைத் தேடி எடுக்கும் கண்ணை அவருக்குக் கொடுத்தது. எனக்கு இது பெரிய விடயமாகப் படுகிறது. நல்ல மாற்றுச் சமய நண்பன் உன் சமயத்தைப் பற்றி உன்னிடம் கேட்பான். பதில் தெரியாவிட்டால் நீ போய்ப் படிப்பாய். பங்குக்குள்ளேயே வளர்ந்தவர்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இதே வேலை மறுபக்கமாயும் நடக்கும் என்பதை மறைக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர், அந்த வேலையிலிருந்து இன்னும் உறுதியான சைவராய் வெளியே வந்தார். கிறிஸ்தவர்கள் அதற்காக நாவலரோடு கோபிக்க வேண்டியதில்லை. நேர்மையாய்ச் செய்த ஒரு வேலை இருவரையும் தங்கள் தங்கள் வேரில் ஊன்ற வைத்தது.

அடுத்தவர் அசரியா ஆயர். இவர் எங்கள் ஊரவர் அல்ல. திருநெல்வேலிச் சீமை, வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். ஆனால் அவருடைய வாழ்க்கை திரும்பியது யாழ்ப்பாணத்தில். இளம் வயதில் வை.எம்.சி.ஏ. செயலாளராய் ஊர் ஊராய்த் திரிந்தார். கூடவே செர்வுட் எடி என்ற அமெரிக்கர். ஒருவன் கறுப்பு, ஒருவன் வெள்ளை. ஆண்ட சாதியும் அடிமைச் சாதியும் என்று உலகம் பிரித்து வைத்திருந்த காலம். இவர்கள் நண்பர்களாய் இருந்தார்கள். 1902இல் அசரியா யாழ்ப்பாணம் வந்தபோது ஒரு செய்தி அவரைத் தாக்கியது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே காசு சேர்த்து, கடலுக்கு அக்கரையில், தொண்டிப் பக்கத்தில் ஊழியம் நடத்திக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் கையை எதிர்பாராமல் தமிழ்ப் பெடியள் தங்கள் சக்திக்குச் செய்த வேலை அது. யாழ்ப்பாணத்தாரால் முடியுமென்றால் எங்களால் ஏன் முடியாது என்ற கேள்வியோடு அவர் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு, 1903இல், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1905இல் சேரம்பூரில் தேசிய மிஷனரி சங்கம். அதில் அவரோடு நின்றவர்களில் ஒருவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக் காலத்து நண்பர் கே.டி. பால். 1912இல் தோர்ணக்கல் ஆயரானார்; ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் அவரே. யாழ்ப்பாணத்து மாணவர் சிலர் தங்களுக்குள் கூடி எடுத்த ஒரு முடிவு, அவர்கள் எண்ணிப் பார்த்திராத ஒருவரின் விசுவாசத்தைத் தூக்கி நிறுத்தியது.

1910 யூன் மாதம், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு. பிரதிநிதிகளில் பெரும்பாலோர் ஐரோப்பியரும் அமெரிக்கரும். அசரியா அங்கே எழும்பிப் பேசினார். நீங்கள் எங்களுக்குப் பொருள் தந்தீர்கள், உயிரையே தந்தீர்கள், அதற்கெல்லாம் எங்கள் சபைகள் என்றென்றும் நன்றி சொல்லும்; ஆனால் எங்களுக்கு உங்கள் அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். மிஷனரிமார் பலர் தங்களோடு வேலை செய்கிற இந்தியரைத் தங்கள் மேசையில் இருத்திச் சாப்பிட்டதில்லை என்பதையும் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலான பிறகும் அந்தப் பேச்சைக் கிறிஸ்தவ உலகம் மறக்கவில்லை. ஒருவன் பாடசாலை கட்டித் தரலாம், ஆஸ்பத்திரி கட்டித் தரலாம். உன்னோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிட அவனுக்கு மனமில்லை என்றால், அவன் சொல்கிற கடவுளின் அன்பு உன்னை வந்து சேராது.

இதை வெள்ளைக்காரரைக் குற்றம் சொல்லும் வசதிக்காக எழுதவில்லை. எங்கள் கோயில்களிலும் சாதி பார்த்து இருந்தோம். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள், ஒரே முற்றத்தில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸில் கூடிய இளைஞர்கள், கிறிஸ்தவரும் சைவரும் ஒன்றாய் நின்று, பாடசாலையில் சம ஆசனமும் சமபந்தியும் கேட்டார்கள். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்களும் இவர்களே. அவர்களின் முன்னோடி ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். சாதி தாண்டிய ஒரு நட்பாவது இல்லாத கிறிஸ்தவனின் விசுவாசத்தில் பெரிய குறை இருக்கிறது என்பது என் முடிவு. அதை மென்மையாய்ச் சொல்ல நான் விரும்பவில்லை.

படித்த ஆக்கள் இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 1965இல் ஜோன் லொஃப்லண்ட், ரொட்னி ஸ்டார்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இருவர், புதிய சமயக் குழுவொன்றில் ஆட்கள் எப்படிச் சேர்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார்கள். போதனையில் மயங்கி ஆட்கள் வருவார்கள் என்றுதான் பொதுவாக நினைப்போம். அவர்கள் கண்டதோ வேறு. குழுவுக்குள்ளே உள்ள நண்பர்களோடு கட்டிய உறவு வெளியே உள்ள உறவுகளைவிடப் பலமாகும்போது ஆள் சேர்கிறான். போதனை அவனுக்குப் பிடிபடுவது பிறகுதான். 2010இல் சேயூன் லிம், ரொபேர்ட் பட்னம் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. வாராவாரம் வழிபாட்டுக்குப் போகிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவோடு இருக்கிறார்கள். ஆனால் அந்த நிறைவின் பெரும்பகுதி, அந்தச் சபைக்குள்ளே நெருங்கிய நண்பர்கள் இருப்பவர்களுக்கே கிடைக்கிறது. யாரோடும் ஒட்டாமல் வந்து, பூசை கண்டு, வீட்டுக்குப் போகிறவருக்கு அது அவ்வளவாய்க் கிடைப்பதில்லை.

இந்த இரண்டையும் வைத்துத் தாயின் மூன்றாவது பயத்தைப் பார்ப்போம், செபக்கூட்டத்துப் பெடியனை. போருக்குப் பிறகு வடக்கில் இப்படியான கூட்டங்கள் பல ஊர்களில் தோன்றியிருக்கின்றன. அவர்களைப் பற்றி ஒட்டுமொத்தமாய்த் தீர்ப்புச் சொல்ல நான் முன்வரமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அங்கே போன முதல் கிழமையிலேயே பிள்ளையின் பெயரை நாலு பேர் அறிந்து வைத்துக் கூப்பிடுகிறார்கள். வராத கிழமை தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். எங்கள் பங்கில் அவன் பதினேழு வருடம் இருந்தான். மூன்று மாதம் வராமல் விட்டபோது எத்தனை பேர் போய்க் கேட்டோம்? பிறர் செய்கிறதைக் குறை சொல்ல முதல் நாங்கள் செய்யாமல் விட்டதை எண்ண வேண்டும்.

அதேநேரம் நட்பைத் தூண்டிலாக்குவது பாவம். இதைக் கிறிஸ்தவர்களுக்கே நான் அழுத்திச் சொல்வேன். சைவப் பெடியன் ஒருவனை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவரும் எண்ணத்தோடு சிநேகம் பிடித்து, அவன் வரமாட்டான் என்று தெரிந்ததும் கைவிடுகிறவன், சிநேகத்தையும் அவமதிக்கிறான், சுவிசேஷத்தையும் அவமதிக்கிறான். இங்கே பிரான்சிஸ் சவேரியாரை நினைத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் படித்த காலத்தில் அவர் பெயரும் புகழும் தேடிய ஆள். 1529இல் அதே அறைக்கு வந்து சேர்ந்த இஞ்ஞாசியார் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அரைக்கிழவர். சவேரியார் அவரைப் பரிகசித்தார். இஞ்ஞாசியார் போதிக்கப் போகாமல், சவேரியாரின் வகுப்புக்கு மாணவர் சேர்த்துக் கொடுத்தார், காசு முட்டுப்பட்ட நேரம் உதவினார். வருடங்கள் போயின. 1534 ஓகஸ்ட் 15ஆம் திகதி மொன்மார்த்தர் குன்றில் ஏழு நண்பர்கள் வார்த்தைப்பாடு கொடுத்தபோது சவேரியாரும் அதில் ஒருவர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அந்த மனிதர், பின்னர் கீழைத் தீவுகளில் தனித்திருந்த காலத்தில், கடிதங்களிலிருந்து தன் நண்பர்களின் கையொப்பங்களை வெட்டியெடுத்துக் கழுத்தில் அணிந்திருந்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். பாரத தேசத்தின் அப்போஸ்தலர் என்று நாங்கள் கும்பிடுகிறவருக்கே தன் நண்பர்களின் கையெழுத்து நெஞ்சோடு தேவைப்பட்டது.

கடவுள் இல்லை என்கிற பெடியனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்கிறவன் வேறு, பரிகசிக்கிறவன் வேறு. இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அந்தக் கூட்டாளியின் முன்னால் உங்கள் மகனால் "நான் நாளைக்குப் பூசைக்குப் போறன்" என்று கூசாமல் சொல்ல முடிகிறதா? முடிகிறதென்றால் அந்த நட்பில் உங்கள் பிள்ளைக்கு இடம் இருக்கிறது. அவன் கேட்கிற கேள்விகளால் பிள்ளையின் விசுவாசம் இன்னும் ஆழமாகக்கூடும். சொல்ல முடியாமல் மறைக்கிறான், அல்லது சொல்லிவிட்டுத் தானும் சேர்ந்து சிரிக்கிறான் என்றால் அங்கே கவலைப்பட வேண்டும். இந்தச் சோதனை கோயிலுக்குள்ளே உள்ள நண்பர்களுக்கும் பொருந்தும். "எனக்கு இப்ப செபிக்க மனமில்லை" என்று பங்கு இளைஞர் ஒன்றியத்தில் ஒரு பிள்ளையால் வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால், அந்த ஒன்றியமும் அவனுக்கு நட்பான இடமல்ல. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் பக்கத்தில் இருந்தவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து கடவுளுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கியதும் கடவுளே அவர்கள்மேல் கோபங்கொண்டார்.

தீவகத்துக்கு இன்னொரு பாடும் உண்டு. 1990இல் போரால் சனம் இங்கிருந்து வெளிக்கிட்டபோது வீடு வாசலோடு கூட்டாளிமாரும் சிதறிப் போனார்கள். ஒன்றாய்ப் புது நன்மை எடுத்தவர்கள், ஒன்றாய்க் கூத்துப் பழகியவர்கள், ஒருவர் வன்னியில், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிஸில். விசுவாசம் தளர்ந்ததாய்ச் சொல்கிற பலரோடு கதைத்தால், அவர்கள் தொலைத்தது பெரும்பாலும் போதனையை அல்ல, பக்கத்து வாங்கில் இருந்த ஆளை. ஜெர்மனியின் கெவலார் மாதா கோயிலில் ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதம் தமிழர் கூடுகிறார்கள், சைவர்களும் வருகிறார்கள். அங்கே மாதாவைக் கும்பிடுவதோடு ஊராளைக் காண்பதும் நடக்கிறது. அந்த இரண்டாவதைச் சிலர் குறைவாய்ப் பேசுவார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

துணை நிற்பது எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்தத் தீவு கண்டிருக்கிறது. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டி எறிகணைக்குள் அகப்பட்டது. கோயிலுக்குள் தஞ்சமிருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பங்கின் குரு திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகள் ஓகஸ்ட் 20ஆம் திகதி அல்லைப்பிட்டிக்குப் போனவர் திரும்பவில்லை. அவரைத் தனியே விடாமல் கூடப் போனவரும் திரும்பவில்லை. அடிகளின் பெயரைச் சொல்லும் இடமெல்லாம் கூடப் போனவரையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

தாய்க்கு நான் சொன்ன பதில் இதுதான். கூட்டாளிமாரை வெட்டவேண்டாம். மூன்று பேரையும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், பெயரை அறிந்துகொள்ளுங்கள், தாய் தகப்பனை விசாரியுங்கள். சைவப் பெடியனை எங்கள் திருவிழாவுக்கு வரச் சொல்லுங்கள். அவன் வீட்டுப் பொங்கலுக்கு உங்கள் பிள்ளையை அனுப்புங்கள். பூசைக்கு ஏன் வரவில்லை என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இப்போது கடவுளைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று ஒருநாள் கேளுங்கள். சொல்கிற பதிலுக்கு உடனே மறுப்புச் சொல்லவேண்டாம். ஞானத்தகப்பன் என்று ஒருவரை ஞானஸ்நானத்தன்று நிறுத்தினோம். சங்கிலி போட்டதோடு அவருடைய கடமை முடிந்துவிடவில்லை. அவரையும் பெடியனோடு கதைக்கச் சொல்லுங்கள்.

மிச்சத்தைப் பங்குதான் செய்யவேண்டும். அந்த வயதுப் பிள்ளைகள் சேர்ந்து ஏதாவது வேலை செய்ய இடம் வேண்டும். தவக்காலத்துக்கு முன்னால் அண்ணாவியார் ஒருவரைக் கூப்பிட்டுக் கூத்துப் பழக்கினால், மாதக்கணக்கில் இரவிரவாய் ஒன்றாய் நின்று பாடி ஆடுகிறவர்கள் நண்பர்களாகாமல் போவார்களா? 1965இல் மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் நாடகங்களில் சைவர்களும் சேர்ந்து உழைத்தார்கள். நடிக்க வந்து ஆண்டவரின் பாடுகளை உள்வாங்கியவர்கள் உண்டு, அங்கே கிடைத்த நண்பர்களால் கோயிலுக்குத் திரும்பியவர்களும் உண்டு. பெரிய செலவு இல்லை. வளவு இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, பெரியவர்கள் இரண்டு பேர் நேரம் ஒதுக்கவேண்டும்.

இதை வாசிக்கிற இளம் ஆக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களோடு புது நன்மை எடுத்தவர்களில் இப்போது கோயில் பக்கம் வராத ஒருவர் உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருப்பார். இந்தக் கிழமைக்குள் அவர் வீட்டுக்கு ஒருக்கால் போங்கள். பூசையைப் பற்றி நீங்களாய் எடுக்கவேண்டாம். சுகம் விசாரித்து, ஆறுதலாய் இருந்து கதைத்துவிட்டு வாருங்கள். அடுத்த கிழமையும் போங்கள்.